சர்வர் அறையின் பின்பக்கம்

சர்வர் என்பதும் ஒரு கணினிதான். திரையோ கீபோர்டோ தேவைப்படாத, தட்டையான இரும்புப் பெட்டி. மெல்லிய சர்வரின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். 19 அங்குல அகலத்துக்குச் செய்த ரேக் என்னும் இரும்புச் சட்டத்தில் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நாம் ரயில் டிக்கெட் எடுக்கும்போது பதில் அனுப்புவது இப்படி ஒரு பெட்டிதான்.

சர்வர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய மொத்தமும் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஒன்று 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதை அடுக்கினால் 8,000 வாட். எட்டு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு பீரோவுக்குள் வைத்து ராப்பகலாக ஓடவிட்ட மாதிரி.

அறையை ஜில்லென்று வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வீண் செலவு. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும் என்பதே இத்துறையில் பரவலாகப் பின்பற்றும் பரிந்துரை. முக்கியமான வேலை, வெளியே வந்த சூடான காற்றை மறுபடி உள்ளே போகவிடாமல் தடுப்பது. சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். அதனால் ரேக் வரிசைகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு பார்க்க நிறுத்துகிறார்கள். ஒரு நடைபாதையில் குளிர்காற்று மட்டும், அடுத்ததில் சூடு மட்டும். முன்பக்கம் சட்டைக்குள் குளிர் ஏறும். சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றால் அடுப்படி அனல்.

ரேக்கில் ஒரு சர்வரைக் கழற்றிவிட்டு இடத்தைத் திறந்தபடி விட்டால், அந்தச் சின்னச் சந்து வழியாகவே பின்பக்கச் சூடு முன்னால் வந்துவிடும். மேலும் கீழும் இருக்கும் சர்வர்கள் அதையே குடிக்கும், ஃபேன்கள் அலற ஆரம்பிக்கும். அங்கே சாதாரணத் தகடு ஒன்றை மாட்டினால் தீர்ந்தது. இந்தத் தகட்டின் அருமை பலருக்குத் தெரிவதில்லை.

சரி, வெளியேற்றிய சூட்டை எங்கே கொட்டுவது? பின்லாந்தின் ஹாமினாவில் கூகுள் ஒரு பழைய காகித ஆலையை வாங்கி, 2011 முதல் டேட்டா சென்டராக, அதாவது சர்வர்கள் குவிந்த கட்டடமாக நடத்துகிறது. ஆலைக்காக வெட்டிய சுரங்கம் வழியாகக் குளிர்ந்த கடல்நீர் வந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. திரும்பக் கடலில் விடும் முன் புதுக் கடல்நீரைக் கலந்து தணித்து விடுகிறார்கள்.

சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இணையத்தைச் சுமக்கும் கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் வந்திருக்கின்றன. வறண்ட ஊர்களில் மண்பானைத் தத்துவமே கைகொடுக்கும்: நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் சில்லிடாது, கவனித்திருப்பீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். கடலோரச் சென்னையில் பாதி நாள் அந்த நிலைதான். ஏசி கம்ப்ரசர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் செயற்கை நுண்ணறிவு வந்தது. சிப் நிறுவனமான என்விடியாவின் 72 ஜிபியு (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைப் போடும் சிப்) கொண்ட ஒரு ரேக் சுமார் 1,20,000 வாட் இழுக்கிறது. அவ்வளவு சூட்டைக் காற்றால் சுமக்க முடியாது. ஒரே கன அளவில், காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேலான சூட்டைத் தாங்குவது தண்ணீர். அதனால் சிப்பின் முதுகில் செம்புத் தகட்டை அழுத்திப் பொருத்தி, அதற்குள் ஓடும் நுண்ணிய வாய்க்கால்களில் நீர் கலந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். சூடு பிறக்கும் இடத்திலேயே திரவம் அதை வாங்கிக்கொண்டு குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது.