வில்லின் முதுகில் ஒட்டும் தோல்

மர வில் உடைவதைப் பார்த்தவர்களுக்கு அது நொடியில் முடிந்த காரியம். பட்டென்று ஒரு சத்தம். கையில் இரண்டு துண்டு. ஆனால் அந்த நொடிக்குள் பல படிகள் நடந்து முடிந்திருக்கும். முதல் படி அற்பமானது. வில்லின் வெளிப்பரப்பில் எங்கோ ஓரிடத்தில் ஒரு சிராயின் நுனி மரத்தை விட்டு எழும்புகிறது. அது சுமந்துகொண்டிருந்த இழுவிசை பக்கத்து நார்களின் தலையில் விழுகிறது. அவையும் தாங்காமல் கிளம்புகின்றன. மிச்சமிருக்கும் மரம் மெலிந்துபோக, முறிவு குறுக்கே ஓடிவிடுகிறது. அந்த முதல் சிராயை எழும்பவிடாமல் அமுக்கி வைக்கத்தான் கையால் வில் செய்பவர்கள் அதன் முதுகில் பதனிடாத தோலை ஒட்டுகிறார்கள். வில்லின் வேகத்தைக் கூட்டுவதற்காக ஒட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வேலையைத் தோல் செய்வதில்லை. நல்லவேளையாகச் செய்வதில்லை என்றே சொல்ல வேண்டும்.

எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது வயிறு அமுங்குகிறது, முதுகு நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது? கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள கிளைகளின் தடிமன் 14 மில்லிமீட்டர் என்றும், அவை 70 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவாக வளைகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். தடிமனில் பாதியான 7 மில்லிமீட்டரை 700 மில்லிமீட்டரால் வகுத்தால் 1 சதவீதம். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் காய்ந்த மரத்துக்கு அது ஏறக்குறைய எல்லைக்கோடு. ஒவ்வொரு முறை நாணை முழுதாக இழுக்கும்போதும் வில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்த்தான் திரும்பி வருகிறது.

நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடினால் மரம் இதைத் தாங்கும். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டு பழமையான எல்ம் மர வில்லில் பட்டைக்கு அடியில் இருந்த மரப்பரப்பே முதுகாக இருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இருந்த யூ மர வில்களில், இழுவிசையை நன்கு தாங்கும் வெளிமரம் முதுகுப் பக்கத்திலும், அமுக்கத்தைத் தாங்கும் வைரம் எனப்படும் உள்மரம் வயிற்றுப் பக்கத்திலும் வருமாறு செதுக்கியிருந்தார்கள். இந்த வில்களுக்குத் தோல் தேவைப்படவில்லை. மரமே தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டது.

சிக்கல் பலகையில் வருகிறது. இன்று அமெரிக்காவில் பொழுதுபோக்காக வில் செய்யத் தொடங்குபவர்கள் பலரும் மரக்கடையில் ஒரு சிவப்பு ஓக் பலகையை வாங்குகிறார்கள். பலகை அறுக்கும் வாள் நேராக ஓடும். ஆண்டு வளையங்கள் அப்படி ஓடுவதில்லை. எனவே பலகையின் பரப்பில் வளையங்கள் வெட்டுப்பட்டு, கூர்முனையோடு கூடிய வளைகோடுகளாகத் தெரியும். அந்தக் கூர்முனை ஒவ்வொன்றிலும் ஒரு வளையத்தின் நார்கள் பாதியில் அறுந்து முடிகின்றன. சிராய் கிளம்ப வசதியான வாசல் அது. நல்ல நார் ஓட்டமுள்ள பலகையைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வைத்தியம். நூறு பலகையைப் புரட்டிப் பார்க்கச் சலித்துக்கொள்பவர் எந்தத் தோலை ஒட்டியும் பயனில்லை.

சரி, தோலுக்கு வருவோம். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்து, இழுத்துக் கட்டி உலர்த்திய தோல் இது. பதனிட்ட தோல் காய்ந்த பிறகும் துவள்கிறது. பதனிடாத தோல் காய்ந்தால் கொம்பு போல் விறைத்துவிடும், நனைத்தால் மீண்டும் இளகும். இரண்டும் கொலாஜன் என்ற புரத நார்களால் ஆனவைதான். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இந்த நார்கள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். தோலில் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கும். சிராயை அமுக்க இந்தப் பின்னல்தான் வேண்டும்: நீளவாக்கில் மட்டும் ஓடும் நார்களைவிட, குறுக்கேயும் பிடித்துக்கொள்ளும் வலையே மேலானது. அதோடு, மரம் அறுந்துபோகும் 1 சதவீத நீட்சி தோலுக்கு ஒரு பொருட்டே இல்லை. மரம் விட்டுக்கொடுத்த பிறகும் தோல் விடாது.

தோல் வலுவாக இழுக்காதது ஏன் நல்லது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வளையும் பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. 14 மில்லிமீட்டர் கிளையில் இன்னும் அரை மில்லிமீட்டர் மரம் சேர்ந்தால் விறைப்பு சுமார் 11 சதவீதம் ஏறும். அதே அரை மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் என்றால் ஏற்றம் மிகக் குறைவு. மரத்தின் நீளவாக்கு விறைப்பு தோலுக்குக் கிடையாது. முதுகில் மூங்கில் பட்டையை ஒட்டிப் பார்த்தால் வேறுபாடு புரியும். மூங்கில் நீள மறுக்கிறது. அதனால் நீளவும் அமுங்கவும் செய்யாத நடுத்தளம் முதுகை நோக்கி நகர்ந்து, வயிறு கூடுதலாக அமுங்க நேர்கிறது. வயிற்று மரம் மென்மையானதாக இருந்தால் குறுக்கே மயிரிழை போன்ற மடிப்புகள் விழுந்துவிடும். தோல் இந்தத் தொல்லையைக் கொடுப்பதில்லை.

தசைநாண் தோலுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் நிற்கிறது. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே வெளியுலகுக்கு வந்த, யாகி என்ற பழங்குடி மக்களில் கடைசியானவர் என்று கருதப்பட்ட இஷி, மலை ஜூனிப்பர் மர வில்லின் முதுகில் மான் தசைநாணை ஒட்டுவார். நாரை வாயில் மென்று இளக்கிக்கொள்வார். சால்மன் மீன் தோலைக் காய்ச்சிப் பசை எடுப்பார். குட்டையான வில்லை ஆழமாக வளைக்க அந்த முறை உதவியது. 1916இல் அவர் இறக்கும்வரை அவரோடு பழகி வில்வித்தை கற்ற அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், தான் செய்த நெடிய யூ வில்களுக்குப் பதனிடாத கன்றுத்தோலையே விரும்பினார். நெடிய வில்லுக்கு அது போதும்.

ஒட்டும் வேலையில் அவசரக்காரர்கள் கெடுப்பது பெரும்பாலும் வெந்நீரால். ஈரமான கொலாஜன் 60 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே போனால் சுருண்டு, பிறகு கூழாகத் தொடங்கும். வச்சிரப் பசை உருவாவதே அப்படித்தான். ஆகவே தோலைச் சாதாரணத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். ஒரு வில்லின் நீளத்துக்குத் தோல் கிடைப்பது அரிது. இரண்டு பட்டைகள் எடுத்து, வளையாத இடமான கைப்பிடியில் இணைப்பார்கள். அமெரிக்காவில் நாய் கடிப்பதற்காக விற்கும் தோல் எலும்பை ஊறவைத்துப் பிரித்துப் பட்டை எடுக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். தோலில் கொழுப்பு மிச்சமிருந்தால் பசை பிடிக்காது என்பதால் சோப்பு போட்டுக் கழுவுவது முக்கியம். மரத்தின் முதுகையும் அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி, கைரேகை எண்ணெய் படாமல் வைத்து, முதலில் நீர்த்த பசை ஒன்றைப் பூசிக் காயவிட வேண்டும். அப்புறம் வச்சிரமோ, தச்சர்களின் வெள்ளைப் பசையோ தடவி, தோலை விரித்து, நடுவிலிருந்து ஓரங்களுக்குக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். மேலே சுளுக்குக்குக் கட்டும் துணிப்பட்டையைச் சுற்றுவார்கள். அழுத்தமும் கிடைக்கும், ஈரமும் வெளியேறும்.

சில மணி நேரம் கழித்துத் துணியைப் பிரித்துவிட்டாலும், வில்லை வளைக்கப் பல நாள் பொறுக்க வேண்டும். தோலிலும் பசையிலும் இருந்த நீரில் ஒரு பங்கை மரம் குடித்திருக்கும். ஈர மரத்தை வளைத்தால் வயிறு நிரந்தரமாக அமுங்கி, வில் கூனிப்போகும். நன்றாகக் காய்ந்த பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தோலை அரத்தால் தேய்த்து எடுப்பார்கள்.

எடையையும் மறக்கக் கூடாது. சராசரி 3 சென்டிமீட்டர் அகலமும் 165 சென்டிமீட்டர் நீளமும் உள்ள முதுகுக்கு அரை மில்லிமீட்டர் தோல் ஒட்டினால் 30 கிராம் கூடும். கைப்பிடியருகே அது ஒன்றுமில்லை. முனைகளோ அம்பு புறப்படும்போது மிக வேகமாக நகர்கிற இடம். அங்கே கூடும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தின்னும். அதனால்தான் தடித்த மாட்டுத்தோலை ஒதுக்கி மெல்லிய ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் தேடுகிறார்கள்.

இந்தத் தோலின் பலவீனம் ஈரம். பறை வாசிப்பவர்கள் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவது இதே குணத்தால்தான். வில்லைத் தீயில் காட்ட முடியாது. ஆகவே வார்னிஷோ அரக்குப் பூச்சோ பல அடுக்கு பூசி, காற்றின் ஈரத்தைத் தள்ளி நிறுத்துகிறார்கள்.

தோலால் ஆகாதவையும் உண்டு. கிளை ஓரிடத்தில் மட்டும் மெலிந்து அங்கேயே முழு வளைவும் குவிந்தால், மேலே எதை ஒட்டினாலும் அது அங்கேதான் முறியும்; மற்ற இடங்களைச் சீவி வளைவைப் பரப்புவதே வழி. வயிற்றில் விழும் மடிப்புகளுக்கும் முதுகில் ஒட்டிய தோலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மெல்லிய ஆட்டுத்தோல் பசை பிடித்தபின் ஓரளவு ஊடு தெரியும். உள்ளே சிராய் கிளம்பியிருந்தால் வெளிறிய கோடாகத் தெரியும், விரல் வைத்துத் தடவினால் நெருடும். அப்போது எய்வதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் பசை தோய்த்த நூலை நெருக்கமாகச் சுற்றி, நாணை இழுக்க வேண்டிய விசை குறையுமாறு வில்லைச் சீவி, மெல்ல மெல்ல வளைத்துப் பார்க்கலாம். கோடு நீண்டால் அந்த வில்லை நாணிலிருந்து கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவது நல்லது.