ஒதுக்கப்பட்ட கணினிகளும் கட்டற்ற மென்பொருளும்

அலுவலகங்கள் பள்ளிகளுக்கு நன்கொடையாக அளிக்கும் கணினிகளில் பல, பழுதானதால் கழிக்கப்பட்டவை அல்ல. அவற்றில் ஓடும் மென்பொருளின் தேவைகள் வளர்ந்துவிட்டதால் ஒதுக்கப்பட்டவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கோ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கட்டாயத் தேவையாக வைக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாத கணினிகள், வேலை செய்யும் நிலையிலேயே ஓரங்கட்டப்படுகின்றன.

பழைய கணினி மந்தமாவதற்கு அதன் செயலகம் (புராசசர்) தேய்ந்துபோவது காரணமன்று. பெரும்பாலும் நினைவகப் (ரேம்) பற்றாக்குறையே காரணம். இயங்குதளமும் உலாவியும் கேட்கும் இடம் 2 ஜிபி நினைவகத்தில் கொள்ளாதபோது, உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் வன்வட்டில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் எடுத்து வருகிறது. நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 100 நானோ நொடி போதும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டிலோ, படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, தட்டின் உரிய பகுதி அதன் அடியில் வந்து சேரவே ஏறத்தாழ 10 மில்லி நொடி பிடிக்கிறது. இது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. மாணவர் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, வட்டின் விளக்கு விடாமல் மினுங்க, திரை அப்படியே உறைந்து நிற்பது இதனால்தான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மேல் அமையும் இயங்குதளங்களில், திரையில் நாம் காணும் டெஸ்க்டாப் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ஓர் அங்கம். நினைவகத்தை நிறைய விழுங்கும் டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளியவற்றை வைக்கலாம். பள்ளிக்குத் தேவையற்ற பின்னணிச் சேவைகளையும் நிறுத்தலாம். 2014-இல் கெர்னலின் நிலையான அங்கமான இசட்ரேம் இன்னொரு வழியைத் தருகிறது: வட்டுக்கு அனுப்ப வேண்டிய தரவை அது சுருக்கி, நினைவகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. சுருக்கவும் விரிக்கவும் செயலகம் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றாலும், வட்டுக்காகக் காத்திருப்பதை விட அது மிகவும் விரைவானது. விலையின்மையை விட, கணினிக்கு ஏற்ப மென்பொருளை இப்படி வெட்டித் தைத்துக்கொள்ளும் உரிமையையே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் பெரும்பயனாக நான் கருதுகிறேன்.

ஆயினும் இன்றைய இணையப் பக்கங்கள் கேட்கும் நினைவகத்தை எந்த டெஸ்க்டாப்பாலும் குறைத்துவிட முடியாது. அங்கேதான் எல்டிஎஸ்பி என்ற திட்டம் கைகொடுக்கிறது. அதில் ஆய்வகக் கணினிகள் தத்தம் வட்டிலிருந்து அல்லாமல், வலையமைப்பு வழியே ஒரே வழங்கியிலிருந்து (சர்வர்) தொடங்குகின்றன. மிகவும் பழைய கணினிகளில், நிரல்களை வழங்கியிலேயே ஓடவிட்டு, திரையை மட்டும் மாணவரிடம் காட்டுமாறும் அமைக்கலாம். வழங்கியில் ஒருமுறை புதுப்பித்தால் ஆய்வகம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டதாகும்; கணினிக்கென்று தனி ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் வழங்கி நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பதால், அதற்கு மட்டும் நல்ல கணினியையும் தடையில்லா மின்சாரத்தையும் ஒதுக்குவது அவசியம்.

எதை நிறுவுவதற்கு முன்பும் வட்டிலுள்ள தரவை முழுமையாக அழித்தாக வேண்டும். கோப்பை நீக்கும்போது பொதுவாக அட்டவணையிலுள்ள அதன் பதிவே போகிறது. உள்ளடக்கம் மேலெழுதப்படும் வரை அங்கேயே இருப்பதால், நன்கொடையாளரின் பழைய ஆவணங்களை மீட்டெடுக்க இயலும். அதன்பின் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, ஒலி, வலையமைப்பு, திரை ஆகியவை இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்போது பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாமே சான்றிதழ் பிழை காட்டினால், முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 நாணய மின்கலம் தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ் என்று கருதி உலாவி அத்தளங்களை மறுக்கும். மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தினாலே அந்தப் பிழை நீங்கிவிடும்.