கேம்பிட் என்றால் பலியா?

‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடர் 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. தலைப்பைத் தமிழில் சொல்லப் போனால் சட்டென்று ‘ராணியின் பலி’ என்றுதான் வாயில் வரும். அது சரியில்லை. கென்டக்கி அனாதை இல்லத்தின் நிலவறையில் சிறுமி பெத் ஹார்மனுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் துப்புரவுப் பணியாளர் ஷைபல், அவள் ராணியைப் பறிகொடுத்ததும் ஆட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார். ராணி போனால் அவ்வளவுதான். தலைப்பில் உள்ள ‘குயின்ஸ் கேம்பிட்’ சதுரங்கத்தைத் தொடங்கும் ஒரு முறை; அதிலோ ராணி பலியாவதே இல்லை.

இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். மற்போரில் எதிராளியின் காலை இடறி விழவைக்கும் பிடி ‘காம்பெத்தோ’. ஸ்பானியப் பாதிரியார் ருய் லோபஸ் 1561-ல் எழுதிய சதுரங்க நூலில் இதைக் ‘காம்பித்தோ’ என்று ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். அப்புறம் அது ஆங்கிலத்தில் ‘கேம்பிட்’ ஆகி, இன்று அரசியலிலும் வணிகத்திலும் ஒருவர் துணிந்து எடுத்துவைக்கும் முதல் அடியையும் குறிக்கிறது.

குயின்ஸ் கேம்பிட்டில், ராணிக்கு முன்னால் நிற்கும் காலாளை வெள்ளை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பும் அப்படியே செய்கிறது. அடுத்து வெள்ளை, ராணிப் பக்கத்து மந்திரியின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தி ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று நிறுத்துகிறது. ‘குயின்ஸ்’ என்பது இந்த ராணிப் பக்கத்தைத்தான் சொல்கிறது. கறுப்பு அதை வெட்டினால், வெட்டிய காலாள் பலகையின் நடுவை விட்டு விலகிப்போகிறது. நடுக்களம் வெள்ளைக்குத் திறக்கிறது. கொடுத்த காலாளுக்கு ஈடும் பெரும்பாலும் கிடைத்துவிடும்: ராணியை ஏ4 கட்டத்துக்குக் கொண்டுவந்து செக் வைத்தால், வெட்டிய அந்தக் காலாளை அடுத்த நகர்விலேயே எடுக்கலாம். இதைப் போய் எப்படிப் பலி என்பது?

‘காலை வாருதல்’ இத்தாலிய மூலத்துக்கு மிக நெருக்கம்தான். ஆனால் நம் பேச்சில் அது கூட இருந்தே செய்யும் துரோகம். பலகையில் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, எடுப்பதும் விடுவதும் எதிராளியின் விருப்பம். அதனால் அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை.

நான் ‘தூண்டில்’ என்பேன். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது நமக்குத் தெரிந்த சங்கதி. குயின்ஸ் கேம்பிட் ‘ராணிப்பக்கத் தூண்டில்’, கிங்ஸ் கேம்பிட் ‘ராஜாப்பக்கத் தூண்டில்’. கறுப்பு காலாளை வெட்டினால் ‘தூண்டில் ஏற்பு’, விட்டுவிட்டால் ‘தூண்டில் மறுப்பு’. துணைச்சொற்களும் இழுபறி இல்லாமல் அமைகின்றன. கால் என்ற மூலப்பொருள் இதில் போய்விடுகிறதே என்றால், தூண்டிலில் இரையாக நிற்பவனே காலாள்தான்; அவன் பெயரில் கால் இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில், மாஸ்கோவில் உலகச் சாம்பியன் போர்கவுக்கு எதிரே உட்கார்ந்து பெத் போடுவது இந்த ராணிப்பக்கத் தூண்டிலைத்தான்.