காற்றடைத்த கூடாரம்: துணியைவிடத் தரையைக் கவனியுங்கள்

காற்றடைத்த கூடாரம் வாங்க வருகிறவர்கள் முதலில் துணியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். இழுத்துப் பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டுவார்கள், "கிழியாதா?" என்று கேட்பார்கள். இவற்றை வடிவமைப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் கேள்வி கவலையையே தருகிறது. பாலியெஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசிய தரமான துணி, தன்மேல் வழக்கமாக விழும் இழுவிசையைப்போலப் பல மடங்கைத் தாங்கும். கூடாரம் பறப்பதற்கும் சரிவதற்கும் உள்ளே இருப்பவர்கள் மயங்கி விழுவதற்கும் காரணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கூடாரத்தின் உட்புறம் முழுவதும் சற்றே கூடுதல் அழுத்தத்தில் இருக்கும். நாம் நடமாடும் அதே காற்றுதான் கூரையைத் தூக்கிப் பிடிக்கிறது. ஊதுவிசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1917ஆம் ஆண்டிலேயே போர்க்கள மருத்துவமனைக்காக இத்தகைய கூடாரத்தைக் காப்புரிமையில் விவரித்துவிட்டார். ராடார் கருவிகளை மூடும் குவிமாடமாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் வால்டர் பேர்ட். அது 1940களின் இறுதியில். இரண்டாவது வகையில் வளைவுக் குழாய்களுக்குள் மட்டும் காற்று அடைக்கப்படும். உள்ளே சாதாரணக் காற்றழுத்தம்தான். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் பிறகும் 2010இல் ஹைட்டியிலும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பயன்படுத்திய ஊது மருத்துவமனைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

எந்த வகை என்பதை விலையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. காற்றில் பரவும் நோய்க்கான தனிமை வார்டு அமைக்க முதல் வகையைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் இயல்பே உள்காற்றை வெளியே தள்ளுவது. ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் கிருமியும் சேர்ந்து வெளியேறும். தனிமை வார்டில் உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குழாய் வளைவுக் கூடாரத்தில் மட்டுமே அது முடியும்.

இனி தரைக்கு வருகிறேன். முதல் வகைக் கூடாரத்தின் உள்ளழுத்தம் சுமார் 250 பாஸ்கல் இருக்கும். 25 மில்லிமீட்டர் தண்ணீரின் உயரம்தான் அது. உள்ளே நுழையும்போது காதில் லேசாகத் தெரியும், அவ்வளவே. ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ வீதம் அது மேல்நோக்கித் தள்ளுகிறது. 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உள்ள கூடாரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 5,000 கிலோ. மரம் அசையாத அமைதியான நாளிலும் ஐந்து டன் விசை அந்தக் கூடாரத்தைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சுற்றளவில் ஒவ்வொரு மீட்டரும் எண்பது கிலோவுக்கு மேல் பிடித்து நிற்க வேண்டும். சாதாரணக் கூடாரத்தில் முளைகள் காற்றடிக்கும்போதுதான் உழைக்கும். இங்கே விசிறியைப் போட்ட நொடியிலிருந்து அவற்றுக்கு ஓய்வே இல்லை.

இதன்மேல் புயற்காற்று வந்து சேர்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 245 பாஸ்கல். அது முன்பக்கத்தை உள்ளே அமுக்கும்; அதே நேரத்தில் உச்சியையும் பின்புறத்தையும் உறிஞ்சி இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். "இதுவரை அடித்த காற்றைத் தாங்கிவிட்டதே" என்ற நம்பிக்கை ஆபத்தானது.

முளையின் இரும்பு அரிதாகவே முறியும். அதைச் சுற்றியுள்ள மண்தான் விட்டுக்கொடுக்கும். காய்ந்த தரையில் கல்போல நின்ற முளை, இரவு முழுவதும் மழை பெய்த பிறகு கையோடு வந்துவிடலாம். ஆகவே வரைபடத்தில் முளையின் நீளத்தை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை கிலோ இழுத்தால் வரக் கூடாது என்றும் எழுதுங்கள். கூடாரம் ஏறுவதற்கு முன்பே இழுவிசைத் தராசு கட்டி அந்த இடத்து மண்ணில் இழுத்துப் பாருங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு தரையை ஒட்டி, முளையின் அடியில் கட்டப்பட வேண்டும். தார்த்தளத்தில் முளை இறங்காது என்றால் எடை வைக்க வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன்தான். மேலே சொன்ன கூடாரத்துக்கு ஐந்து தொட்டிகள் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அது காற்றே இல்லாத நாளின் கணக்கு.

குழந்தைகள் குதிக்கும் காற்றுக் கோட்டைகளும் இதே குடும்பம்தான். 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் டெவன்போர்ட் நகரப் பள்ளி ஒன்றில் சுழல்காற்று அப்படியொரு கோட்டையைத் தூக்கியதில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஐரோப்பியத் தர விதியான இஎன் 14960 இவற்றுக்குக் குறைந்தது ஆறு நங்கூரங்களைக் கேட்கிறது; மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சுழல்காற்று முன்னறிவிப்பு தருவதில்லை. அதனால் காற்று இல்லாத நாளிலும் எல்லா நங்கூரங்களும் கட்டப்பட வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது.

குழாய் வளைவுகளில் வேறொரு தவறான எண்ணத்தைப் பார்க்கிறேன். வளைவு தொய்ந்தால் உடனே அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவின் தாங்குதிறனும் இரண்டு மடங்குதான் ஆகும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினாலோ அதே அழுத்தத்தில் எட்டு மடங்காகும். எனவே தொய்வுக்கான மருந்து வடிவமைப்பு மேசையில் இருக்கிறது; களத்தில் கம்ப்ரெசரைத் திருகுவதில் இல்லை. வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலையில் 20 டிகிரியில் 0.3 பார் (ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல்) அடைத்து மூடிய குழாய், நண்பகலில் உள்காற்று 60 டிகிரியைத் தொட்டால் 0.5 பாரை நெருங்கிவிடும். அதே நேரத்தில் சூட்டில் பிவிசி இளகும்; துணித் துண்டுகளை உருக்கி இணைத்த ஒட்டும் வலுவிழக்கும். அழுத்தம் மீறினால் தானே திறக்கும் வால்வு ஒவ்வொரு குழாயிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. உற்பத்தியாளரிடம் அதே நாளில், அதே இயந்திரத்தில் ஒட்டிய மாதிரித் துண்டு ஒன்றைக் கேளுங்கள். இரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒட்டின் இரு நாக்குகளையும் எதிரெதிராக உரியுங்கள். பூச்சு நெசவைவிட்டுப் பெயர்ந்து வெள்ளை நூல் தெரிந்தால் ஒட்டு நன்றாக உருகிச் சேர்ந்திருக்கிறது. இரண்டு முகங்களும் பளபளப்பாக, சுத்தமாகப் பிரிந்து வந்தால் அந்தக் கூடாரத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். குழாயின் நீளவாட்டில் ஓடும் ஒட்டைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள். குறுக்கு ஒட்டைவிட இரண்டு மடங்கு விசை அதன்மேல்தான் விழுகிறது.

நான் மிகவும் அஞ்சுவது ஜெனரேட்டரின் புகையை. முகாம்களில் கம்பி நீளம் மிச்சமாகட்டும் என்று ஜெனரேட்டரை ஊதுவிசிறிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். விசிறி அந்தப் புகையை உறிஞ்சி, மக்கள் தூங்கும் இடத்துக்குள் ஊதுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் சோர்வும்தான் முதலில் வரும். பேரிடரில் களைத்தவர்கள் அதைக் களைப்பு என்றே நினைப்பார்கள். காற்று எடுக்கும் வாயும் புகை வெளியேறும் வாயும் கூடாரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நன்றாக விலகி இருக்கட்டும். காற்றின் திசை மாறினால் மறுபடி பாருங்கள். உள்ளே மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். இந்த ஒரு செலவில் பேரம் பேசாதீர்கள்.

முதல் வகைக் கூடாரத்துக்கு விசிறிகள் இரண்டு வேண்டும்; இரண்டும் ஒரே மின் இணைப்பில் இருந்தால் ஒன்று இருப்பதற்குச் சமம். நின்றுபோன விசிறியின் வழியே காற்று திரும்பி ஓடாதபடி அடைப்பு மடலும் வேண்டும். அழுத்தத்தைக் காட்ட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாசலருகே நிறமிட்ட தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்றை மாட்டிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத காவலரும் அளவு குறைவதைக் கண்டுகொள்வார்.

அவசர வழிகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். 250 பாஸ்கல் அழுத்தம் இரண்டு சதுர மீட்டர் கதவை ஐம்பது கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதை உள்நோக்கி இழுத்துத் திறக்க முதியவரால் முடியாது. கதவுச் சட்டம் காற்றின் உதவியின்றித் தனியாக நிற்க வேண்டும். கூரை இறங்கும்போது வாசலும் துணிக்குள் புதையாமல் இருப்பதற்கு அதுதான் வழி.

பனி பெய்யும் ஊர்களில் தனிக் கவனம் தேவை. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகர மெட்ரோடோம் அரங்கத்தின் காற்றுக் கூரை பனிச்சுமையில் கிழிந்து இறங்கியது. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை. நிரந்தரக் கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், பனியை உருக்கவோ தள்ளவோ ஏற்பாடில்லாத பெயர்த்தெடுக்கும் கூடாரத்தைப் பனிக்காலத்தில் நிறுத்தவே கூடாது.

கூடாரத்தை ஒப்படைக்கும்போது ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் காற்று வேகத்தில் ஆட்களை வெளியேற்ற வேண்டும், எந்த வேகத்தில் கூடாரத்தை இறக்க வேண்டும், அந்த முடிவை எடுப்பவர் யார், அவர் தூங்கும் நேரத்தில் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். வெளியேற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். நோயாளிகளையும் குழந்தைகளையும் கூட்டிச் செல்ல நேரம் பிடிக்கும். காற்றுவேகமானி ஒன்றை உயரமான கம்பத்தில் கட்டி, அந்தத் தாளை அதன் அளவுமானிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.