அந்த ஒன்றைக் கூட்டினீர்களா?

டியூஷனில் பத்தாம் வகுப்புத் தாள்களைத் திருத்தும்போது கவனித்திருக்கிறேன். கூட்டுத்தொடர் கணக்கில், அதாவது ஒரே அளவில் கூடியோ குறைந்தோ போகும் எண்களைக் கூட்டும் கணக்கில், சூத்திரம் தெரியாத பிள்ளைகள் குறைவுதான். கோட்டைவிடுவது உறுப்புகளின் எண்ணிக்கையில்.

போன வாரத் தாள் ஒன்று. 100-க்கும் 200-க்கும் இடையே 7-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களின் கூடுதல் கேட்டிருந்தேன். முதல் உறுப்பு 105, கடைசி உறுப்பு 196, பொது வித்தியாசம் 7 என்று பையன் அழகாக எடுத்து எழுதியிருந்தான். 196-இல் 105 போக 91, அதை 7-ஆல் வகுத்தால் 13. அங்கேயே நின்றுவிட்டான். 13 என்பது தாவல்களின் கணக்கு. கிளம்பிய இடமும் ஓர் உறுப்புதானே? ஒன்றைக் கூட்டினால் 14. முதலும் கடைசியும் சேர்ந்தால் 301, அதை 14-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் கூடுதல் 2107.

அவன் 13-ஐ வைத்து 1956.5 என்று விடை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தான். கூட்டியதெல்லாம் முழு எண்கள், அந்த அரை எங்கிருந்து முளைத்தது? அதைப் பார்த்தே பிடித்திருக்கலாம். பதற்றத்தில் யார் பார்க்கிறார்கள்!

கூடுதலைக் கொடுத்து எண்ணிக்கையைக் கேட்டால் வேறு வம்பு. இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தரும். "குறை எண்ணை அடித்துவிடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் (நானும் சில வருடம் அப்படித்தான் சொன்னேன்) இரண்டும் மிகை எண்ணாக வரும்போது பிள்ளை முழிக்கும். அடியில் 15 செங்கல், அதற்கு மேல் 14, அப்புறம் 13 என்று அடுக்குகிறோம். மொத்தம் 105 கல், எத்தனை வரிசை? சமன்பாடு 10, 21 என்று இரண்டு விடை தரும். பத்தாவது வரிசையில் 6 கல். 21 வரை போனால் பதினாறாவதில் கல்லே இல்லை, கடைசியில் கழித்தல் 5 கல்! வெறும் எண்களாகக் கேட்டிருந்தால் இரண்டுமே சரி. பதினொன்றாம் உறுப்பு 5, இருபத்தோராம் உறுப்பு கழித்தல் 5, இடையில் எல்லாம் ஒன்றையொன்று அடித்துப் பூச்சியமாகிவிடும். செங்கல் என்றால் 10 மட்டும்தான்.

இரண்டு விடையில் ஒன்றுகூட மிகை முழு எண்ணாக வராவிட்டால், ஒன்று கணக்கில் தப்பு, இல்லையென்றால் அந்தக் கூடுதல் அந்தத் தொடரில் வரவே வராது.

கி.பி. 499 வாக்கில் எழுதிய ஆரியபட்டீயம் என்ற நூலிலேயே ஆரியபட்டர் கூடுதலிலிருந்து எண்ணிக்கை காணும் விதியைத் தந்திருக்கிறார். வர்க்கமூலம் எடுத்து, கழித்து, வகுத்து, கடைசியில் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கச் சொல்கிறார்.