மலை ஓடையில் மிதவைத் தடுப்பு: எங்கே கட்டுவது, யார் அள்ளுவது?

"யூடியூப்ல பார்த்தேன் சார், ஆத்துக்குக் குறுக்கே மிதவை கட்டிக் குப்பையை மொத்தமா மடக்கிடறாங்க. குன்னூர் ஆத்துக்கும் ஒண்ணு போட்டுடலாமே?" மலை நகரங்களில் கால்வாய், வடிகால் வேலை பார்க்கும் பொறியாளன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள். கையில் நன்கொடைப் பணமும் இருக்கும். போடலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் சமவெளி ஆற்றுக்குச் செய்ததை அப்படியே தூக்கிவந்து மலையில் கட்டினால், முதல் பெருமழையிலேயே மிதவையும் குப்பையும் சேர்ந்து மேட்டுப்பாளையம் போய்விடும்.

மிதவைத் தடுப்பு என்பது எளிய கருவி. காற்றடைத்த டிரம்களையோ தடித்த பிளாஸ்டிக் குழாய்களையோ இரும்புக் கயிற்றில் கோத்து, கீழே முழங்கால் ஆழத்துக்கு வலை தொங்கவிட்டு, ஆற்றின் இரு கரையிலும் கட்டுவார்கள். மேலே மிதந்து வருவது அதில் முட்டி நிற்கும். சென்னைக் கூவத்தில் 2017-இல் இப்படித் தடுப்புகள் போடப்பட்டன. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014 முதல் ஒரு சக்கரம் ஓடுகிறது. மிதவைகள் ஒதுக்கித் தரும் குப்பையை, நீரோட்டத்தாலும் சூரிய மின்சாரத்தாலும் சுழன்று, அதுவே வாரித் தொட்டியில் போடுகிறது. இரண்டு இடங்களிலும் ஆறு கடலை நெருங்கி, நடை தளர்ந்து ஓடுகிறது.

மலைக்காரர்கள் பார்க்க வேண்டிய உதாரணம் குவாத்தமாலா. அங்கே லாஸ் வகாஸ் ஆறு மழைக்காலத்தில் குப்பையும் வெள்ளமுமாகப் பாய்ந்து இறங்கும். அதை மறிக்க ‘ஓஷன் கிளீனப்’ என்ற தொண்டு அமைப்பினர் 2022-இல் பெரிய கம்பிவேலி ஒன்றை நட்டார்கள். வேலியின் அடித்தளத்தை வெள்ளம் அரித்துவிட்டது. தேங்கிய குப்பை மறுபடி ஆற்றோடு போனது. அதன்பின் வேலியை விட்டுவிட்டு, 2023-இல் மிதவைத் தடுப்புகளுக்கு மாறினார்கள். பணமும் நிபுணர்களும் நிறைந்த அமைப்புக்கே மலைவெள்ளம் அப்படிப் பாடம் எடுத்தது.

நம் கணக்கைப் பார்ப்போம். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இடையில் உள்ள 1,500 மீட்டர் இறக்கத்தையும் ஆறு முப்பது கிலோமீட்டருக்குள் இறங்கியாக வேண்டும். நீரின் வேகம் இரட்டித்தால் தடுப்பின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. கோடையில் கணுக்கால் அளவு நீரில் அழகாக நிற்கும் தடுப்பு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஓர் இரவில் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் மண்சரிந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முதலில் ஓட்டத்தை அளக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, மேல்குச்சிக்கு நேராக ஆரஞ்சுத் தோல் ஒன்றைப் போட்டு, கீழ்க்குச்சிக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். இருபது விநாடி என்றால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அதற்குமேல் வேகமாக நீர் நேருக்கு நேர் மோதினால், மடங்கி நிற்கும் குப்பை மெல்ல அடியில் நழுவிப் போகத் தொடங்கும் என்பது என் கைக்கணக்கு. தடுப்பைக் குறுக்கே நேராகக் கட்டாமல் கரையோடு முப்பது டிகிரி சாய்த்துக் கட்டினால் மோதும் வேகம் பாதியாகும். குப்பையும் தடுப்போடு வழுக்கிக்கொண்டு கரையோரம் ஒரே மூலையில் வந்து சேரும். இந்தச் சாய்வை ஏனோ பலரும் மறக்கிறார்கள். இன்னொன்று, ஒரு பக்கக் கட்டில் அளவு குறைந்த ஷேக்கிள் (கயிற்றை இணைக்கும் இரும்பு வளையம்) ஒன்றை வேண்டுமென்றே போட வேண்டும். பெருவெள்ளத்தில் அது மட்டும் அறுந்து, தடுப்பு கதவுபோல் கரையோரம் ஒதுங்கிக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம்.

நீலகிரியில் மிதவைக்குப் பொருத்தமான இடம் எது என்றால், ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் ஏரியில் கலக்கும் வாய் என்பேன். ஊரின் கடைவீதிகளையெல்லாம் தொட்டுக்கொண்டு வரும் அந்தக் கால்வாய் அங்கே சமதளத்துக்கு வந்து, ஓட்டம் தணிகிறது. ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த ஏரி அது. ஏரியிலிருந்து வழியும் நீர் காமராஜர் சாகர் அணைக்குப் போகிறது. கால்வாய் வாயிலேயே மடக்காமல் விட்ட குப்பையைப் படகுத்துறையிலும் ஆகாயத்தாமரைக்கு நடுவிலும்தான் தேடிப் பொறுக்க வேண்டும்.

குன்னூர் ஆற்றின் கதை வேறு. ஊருக்குக் கீழே அது பாறைக்குப் பாறை குதித்து இறங்குகிறது. அங்கே மிதவை நிற்காது. அங்கே வேலையை மேலே, சந்துகளிலிருந்து வந்து ஆற்றில் சேரும் சின்னச் சின்ன வாய்க்கால்களிலேயே முடித்துவிட வேண்டும். வாய்க்கால் வாயில் சாய்வான இரும்புக் கம்பித் தட்டி, இரண்டு விரற்கடை இடைவெளி, மேலே வெள்ளம் தாண்டிப்போக வழி. இவ்வளவுதான். படம் எடுத்துப் போட இதில் ஒன்றும் இருக்காது என்பதால் நன்கொடையாளர்களுக்கு இதைப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு தடுப்பின் மூலையில் என்ன சேர்ந்திருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் கண்ணில் படுவது தெர்மோகோல் துண்டுகளும் மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டில்களும். ஆனால் குவியலில் பெரும்பங்கு அவை அல்ல. கற்பூரத் தைல மரத்து இலை, சீகைமரச் சுள்ளி, கேத்தி பாலாடா போன்ற இடங்களில் கேரட் கழுவிய கழிவு. இந்த இலைதழை வலைக்கண்ணை அடைத்துவிட்டால் வலை சுவராகிவிடும். பின்னால் நீர் ஏறும். வெறும் அரை மீட்டர் ஏறினாலே ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் நூற்றிருபது கிலோவுக்குமேல் பாரம் தள்ளும். தடுப்பு அறுவதற்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கைவிட இலைதான் காரணம்.

மூடியில்லாத பாட்டில் நீர் நிரம்பி மூழ்கிவிடும். அந்த பிளாஸ்டிக் நீரைவிடக் கனமானது. மண் புகுந்த பால் கவர் பாதி ஆழத்தில் மிதந்துவந்து வலைக்கடியில் நழுவிவிடும். ஊறி உப்பிய டயப்பரும் அப்படியே. உடைந்த மதுபாட்டில் கால்வாய்த் தரையிலேயே உருண்டு போகிறது. நீலகிரியில் 2022 மே மாதம் தொடங்கிய, காலி மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் முறை இதில் பெரிய உதவி. எந்த மிதவையாலும் பிடிக்க முடியாத கண்ணாடியை அது கடையிலேயே பிடித்துவிடுகிறது. பிளாஸ்டிக் பைக்கு 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே எதிர்ப்பைத் தொடங்கிய மாவட்டம் இது. தமிழகம் முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1-இல்தான் வந்தது. பைகள் குறைந்தது உண்மை. பளபளக்கும் தின்பண்டப் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி, திட்ட அறிக்கைகளில் ஒரு வரியோடு முடிந்துபோகும் விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்த குப்பையை யார் அள்ளுவது? நம் ஊர்க் கால்வாய்களில் ஓடுவது மழைநீர் மட்டுமல்ல, வீடுகளின் கழிவுநீரும்தான். அதற்குள் ஒரு தூய்மைப் பணியாளரை இறக்கி, கையால் அள்ளச் சொல்லும் திட்டம் எதுவானாலும் அதற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. உடைந்த கண்ணாடி, ஊசி, எலிக்காய்ச்சல் மூன்றும் அந்த நீரில் இருக்கின்றன. ஊட்டிக் குளிரில் விடிகாலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்றுபாருங்கள், விரல் மரத்துப்போகும். கால் நனையாமல் மேடையில் நின்றபடியே நீள்காம்பு வாரியால் இழுக்கும்படி மூலையை அமைத்துவிடலாம். அதற்கு ஒரு சிமெண்ட் மேடை, இரண்டு படி, ஒரு கைப்பிடிக் கம்பி. மொத்தச் செலவில் இது சிறு தொகை. அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

அள்ளியதைக் கரையிலேயே குவித்துவைப்பதும் கூடாது. இரவில் காட்டுப்பன்றி கிளறும், கரடி வரும், காட்டுமாடு வந்து வாய்வைக்கும். கிழிந்த மூட்டை அடுத்த மழையில் மறுபடி ஓடையில்தான். நீர் வடிய அரைமணி நேரம் விட்டு, அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஈரக் குப்பையின் எடையால் வண்டிக்காரர் முகம் சுளிப்பார், நியாயம்தான். அவருக்கான நடைக்கூலியையும் கணக்கில் சேருங்கள்.

மிதவை வாங்கித் தர நிறுவனமோ சங்கமோ உங்கள் ஊருக்கு முன்வந்தால், திறப்பு விழாத் தேதி குறிக்கும் முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மூன்று ஆண்டுக்கு அள்ளும் ஆட்களின் கூலி அதில் எழுதியிருக்கிறதா? மழைக்காலத்தில் தினமும், மற்ற நாட்களில் வாரம் இருமுறை என்று இருக்கிறதா? கையுறை, கம்பூட், தடுப்பூசிச் செலவு யாருடையது? பெருமழை எச்சரிக்கை வந்தால் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிடும் பொறுப்பு யாருக்கு, அவருடைய வீடு எவ்வளவு தூரம்? நகராட்சி ஒப்புதலோடு நீர்வளத்துறையின் அனுமதியும் இணைந்திருக்கிறதா? வைகாசிக்குள் இவற்றை முடித்துக்கொண்டால், ஆடிக்குள் மேடை கட்டி, ஆவணியில் மிதவை மாட்டி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்கும்.