பழைய பிக்அப் வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு: எஞ்சினைக் காப்பதும் கெடுப்பதும்

"கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை" என்று சொல்லிப் பழைய பிக்அப் வண்டியைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதைக் கவனித்து எத்தனை நாளாயிற்று, அதற்குப் பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைத்தான். கேஸ்கெட்டை மாற்றுவதோடு வேலை முடியுமா, எஞ்சினையே பிரிக்க வேண்டிவருமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

வி வடிவ எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டு இரண்டு சிலிண்டர் ஹெட்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் மேல் மூடிபோல அமர்ந்திருக்கிறது. அதன் வழியாகக் காற்று சிலிண்டர்களுக்குப் போகிறது. பல பழைய வடிவமைப்புகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டும் ஹெட்களிலிருந்து அதன் வழியாகவே, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை அடைகிறது. அதற்குக் கீழே உள்ள பள்ளத்திலோ ஆயில் வழிந்து ஆயில் தொட்டிக்குத் திரும்புகிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது மெல்லிய ஒரு கேஸ்கெட்தான். அது வெளிப்புறமாகக் கசிந்தால் எஞ்சினின் பின்மூலையில் வழிந்து, சூட்டில் உலர்ந்து, நிறமேறிய படிவாகக் கண்ணில் படும். உட்புறமாகக் கசிந்தால் கூலன்ட் நேராக ஆயிலில் போய்ச் சேரும். வெளியே எந்தத் தடயமும் இருக்காது. இந்த இரண்டாவது வகைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரும்பு ஹெட்டின் மேல் அலுமினிய மேனிஃபோல்டு பொருத்தப்பட்ட எஞ்சின்களில், ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவடைகிறது. ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் இரண்டு உலோகங்களும் கேஸ்கெட்டின் மேல் உரசி நகர்கின்றன. பல ஆண்டுகளில் கேஸ்கெட்டின் நைலான் சட்டம் இறுகி வெடிப்பு விடுகிறது; அதன் மேலுள்ள சிலிகான் விளிம்பு தட்டையாகிவிடுகிறது; காலாவதியான கூலன்ட் துருத்தடுப்புத் தன்மையை இழந்து, நீர்த்துளைகளைச் சுற்றி அலுமினியத்தை அரித்துக் குழி பறிக்கிறது.

கூலன்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் ஆயிலில் கலந்தால், ஆயிலின் வழுக்கும் தன்மையைக் குலைத்து, அமிலங்களை உண்டாக்கி, பேரிங்குகளின் மென்மையான உலோகப் பூச்சைத் தின்றுவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற படிவு தெரிந்தாலே கேஸ்கெட் போய்விட்டதாக முடிவு கட்ட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரப்பதமும் அப்படிப் படியும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தாலோ, ஆயில் மட்டம் தானாக உயர்ந்தாலோ, ஆயில் பரிசோதனையில் கூலன்டுக்குரிய சோடியமோ பொட்டாசியமோ மிகுந்திருந்தாலோ வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

காற்றுப் பக்கம் கசிந்தால் அடையாளம் வேறு. காற்றோட்ட அளவுமானி உள்ள எஞ்சினில், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும் ஐடிலிங் தடுமாறும். எரிபொருளைவிடக் காற்று மிகுந்திருப்பதைக் காட்டும் பி0171, பி0174 என்ற பிழைக்குறிகள் வரும். ஸ்கேனரில் பார்த்தால் ஐடிலிங்கில் மிக உயர்ந்திருக்கும் எரிபொருள் திருத்த அளவு (கணினி கூட்டிக் கொடுக்கும் எரிபொருள்), எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுழற்சிக்கு உயர்த்தியதும் இறங்கிவிடும். கசிவிடத்தைக் கண்டுபிடிக்கப் புகைச் சோதனையே நல்லது. சூடான எஞ்சின் மேல் எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை, எத்தனை அனுபவசாலி செய்தாலும், நான் ஏற்பதில்லை. கூலன்ட் பக்கத்துக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைக் கைப்பம்பால் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே அடையாளங்கள் தெரியக்கூடும் என்பதால், கூலன்டில் சிலிண்டரின் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று சோதிக்காமல் மேனிஃபோல்டைக் கழற்றக் கூடாது.

கழற்றும் வேலை நீளமானதே தவிரக் கடினமானதன்று. எரிபொருள் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியைப் பிரித்து, கூலன்டை வடித்துவிட வேண்டும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சினில், முதல் சிலிண்டரை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, அதனுள் சுழலும் ரோட்டர் நோக்கும் திசையையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் நிலையையும் குறித்துக்கொண்ட பிறகு, திரும்பப் பொருத்தும்வரை கிராங்கைச் சுழற்றக் கூடாது.

இனி வருவதே வேலையின் உயிர்நாடி. பழைய கேஸ்கெட்டின் எச்சம் ஹெட்டின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விரைவாக எடுக்க, காற்றுக் கருவியில் சுழலும் தேய்ப்பு வட்டைப் பயன்படுத்துபவர்கள் பலர். ஐந்து நிமிடத்தில் முகம் கண்ணாடிபோல் மின்னும். அந்த வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள்களோ திறந்து கிடக்கும் பள்ளத்தில் விழுந்து, ஆயில் தொட்டிக்கு இறங்கி, பம்பு வழியாகப் பேரிங்குகளை அடைகின்றன. ஃபில்டர் பிடித்துக்கொள்ளும் என்பது முழு உண்மையன்று. குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஆயில் கெட்டியாக இருப்பதால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே நேராக உள்ளே போகும் நேரமும் உண்டு. கேஸ்கெட் மாற்றிய சில வாரங்களில் தட்டும் ஓசையுடன் என்னிடம் வந்த ஒரு பிக்அப்பின் ஆயில் தொட்டியைக் கழற்றியபோது, பேரிங் முகங்களில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் கோடுகள் சுற்றிலும் ஓடியிருந்தன. மேலே திறந்து பார்த்தால், ஹெட்டின் முகத்தில் அந்த வட்டின் வளையத் தடங்கள். புதிய கேஸ்கெட் ஒரு துளிகூடக் கசியவில்லை. எஞ்சின்தான் போய்விட்டது. அதன் உரிமையாளரிடம் அதைச் சொன்ன நேரம் எனக்கு இன்னும் கனமாகவே இருக்கிறது.

ஆகவே துளைகளையும் பள்ளத்தையும் எண்ணி வைத்த துணிகளால் மூடி, கேஸ்கெட் கரைப்பானைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுத்து, விழுந்ததை வேக்யூமால் உறிஞ்சி, வைத்த துணிகள் அத்தனையும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரைநாள் ஆகலாம், ஆகட்டும். பிறகு நேர்சட்டத்தையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து முகத்தின் சமதளத்தைச் சரிபார்க்க வேண்டும். அரிப்புக் குழி கேஸ்கெட்டின் சிலிகான் விளிம்பு அமரும் கோட்டைக் கடந்திருந்தால், சீலன்டால் நிரப்பிச் சமாளிக்காமல் மேனிஃபோல்டையே மாற்றுவது நல்லது.

பொருத்தும்போது, கையேடு வேறுவிதமாகச் சொன்னாலன்றிக் கேஸ்கெட்டின் மேல் எதையும் பூச வேண்டாம். எஞ்சின் பிளாக்கின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் மட்டும் சிலிகான் சீலன்டை இடையறாத கோடாக இட்டு, மூலைகளில் கேஸ்கெட்டின் மேல் சற்று ஏற்றிவிட்டு, மேனிஃபோல்டை இழுக்காமல் நேராக இறக்க வேண்டும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப்களில் வந்த 5.7 லிட்டர் வோர்டெக் எஞ்சினுக்குக் கீழ் மேனிஃபோல்டு போல்ட்களின் இறுக்க அளவு முதல் சுற்றில் 3, அடுத்து 12, கடைசியில் 15 நியூட்டன் மீட்டர். அதே குடும்பத்தின் முந்தைய தலைமுறைக்கு ஏறத்தாழ 47. பழைய எஞ்சினில் கைபழகியவர் அதே இறுக்கத்தை இதற்கும் கொடுத்தால் புதிய கேஸ்கெட் அன்றே நசுங்கிவிடும். இந்த வோர்டெக் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரின் நிலையையும் டைமிங் விளக்கால் சரிசெய்ய முடியாது. ஸ்கேனரில் கேம் விலகல் அளவைப் பார்த்துத்தான் அமைக்க வேண்டும்.

எஞ்சினை இயக்குவதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஆயில் சுத்தமாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும், ஏனெனில் மேனிஃபோல்டைத் தூக்கும்போது துளைகளில் தங்கிய கூலன்ட் பள்ளத்தில் சிந்தாமல் இருப்பது அரிது. முன்பே ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால், சிறிது நேரம் ஐடிலிங்கில் ஓடவிட்டு மீண்டும் ஒரு முறை மாற்ற வேண்டும். வடித்த கூலன்டை மூடியுள்ள கலனில் சேர்த்து வையுங்கள். அதை நாயோ பூனையோ நக்கினால், சிறிதளவே உயிரைப் பறித்துவிடும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒரு வாரம் கழித்துக் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கொண்டுவரச் சொல்கிறேன். கூலன்ட் மட்டம், டிப்ஸ்டிக்கின் நிறம், மேனிஃபோல்டின் பின்மூலை ஆகிய மூன்றையும் விளக்கடித்துப் பார்த்த பிறகே அந்த வேலைச் சீட்டில் கையெழுத்திடுகிறேன்.